மகளின் கைக்குள் இருந்த மரப்பாசி

மகளுக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. என் மாமியார் வைத்த நேர்த்திக்காக, தென்மராட்சியில் ஊர் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்திலுள்ள அம்மன் கோயிலில் பொங்கிக்கொண்டிருந்தோம். பால் பொங்கும் நேரம் கண்ணை எடுத்தால் மாமி குறை சொல்வாரே என்று பானையையே பார்த்து நின்றேன். திரும்பியபோது பிள்ளை மரங்களுக்கிடையில் குந்தியிருந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

விரலை விட்டு வாயைத் துடைத்தேன். சாம்பலும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டு வந்தது, மரப்பட்டையில் படர்கிற பாசி. கையிலும் ஒரு துண்டைப் பொத்தி வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு பக்கம் இலுப்பை, மறுபக்கம் காஞ்சிரை. இரண்டும் கிழட்டு மரங்கள். இரண்டிலும் பாசி. காஞ்சிரை விதை தின்ற நாய் கால் விறைத்துச் சாவதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்த மரத்தின் பட்டையும் நஞ்சு.

"எந்த மரத்திலை பிச்சனி, குஞ்சு?"

அவள் இரண்டு மரத்தையும் காட்டினாள்.

"காஞ்சிரை எண்டால் கைக்குமெல்லே, துப்பியிருப்பாள்" என்றார் மாமி.

"உவள் வேப்பங்கொட்டையையும் சப்பிறவள், மாமி."

மாமி வண்டிற்காரனைக் கூப்பிட ஓடினார். ஆசிரியர் கலாசாலையில் மரப்பட்டைகளைப் பார்த்துப் படம் வரைந்தவள் நான். இலுப்பையிடம் போனேன். வெடித்த பட்டையில் பாசி சிறு இலைகளாக ஓரம் சுருண்டு கிடந்தது. நகத்தால் தூக்கினால் கழன்றது, அடிப்பக்கம் கறுப்பு. காஞ்சிரையின் பட்டை வழுவழுப்பானது. அதில் பாசி சுண்ணாம்பு தடவியதுபோல ஒட்டியிருந்தது. சுரண்டினால் பட்டையும் சேர்ந்து தூளாகத்தான் வந்தது.

பிள்ளையின் கையை விரித்தேன். ஓரம் சுருண்ட இலை, அடி கறுப்பு.

"இலுப்பைதான், மாமி!"

"வடிவாப் பாத்தனியோ, பிள்ளை?" என்றார் வண்டிலோடு திரும்பி வந்த மாமி.

"ஓம்."

மாமி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, "படிப்பிச்சது வீண் போகேல்லை" என்றபடி பானைக்குத் திரும்பினார். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

நான் விரலைப் பார்த்தேன். வாயிலிருந்து வழித்தது இன்னும் அதில் இருந்தது. வெறும் களி. இலையோ தூளோ, யாரால் சொல்ல முடியும்? கையில் இருந்ததைத்தான் நான் அடையாளம் கண்டிருந்தேன். விழுங்கியது எது? இப்போது மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பார்? சொல்லாமல் விட்டு, பிள்ளைக்கு இழுப்பு வந்தால்?

"மாமி, எனக்குத் தெரியாது. கையிலை இருந்ததுதான் இலுப்பை. திண்டது தெரியாது."

ஏசுவார் என்று நின்றேன். அவர் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார். "நேர்த்தி கிடக்கட்டும். ஏறு வண்டிலிலை."

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியின் வீடு மூன்று கட்டை தூரம். வழி முழுவதும், விறைக்கிறதா என்று அவளுடைய கால்விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். வண்டில் குலுங்க அவள் திடுக்கிட்டபோதெல்லாம் இழுப்போ என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பரியாரி கண்ணையும் நாடியையும் பார்த்தார். பொழுதுபடும்வரை எங்களை முற்றத்தில் இருத்தி வைத்தார். நான் மறுபடியும் காலைப் பிடித்தேன்.

"காணும் அம்மா, விடுங்கோ!" என்று அவள் என் கையில் ஓங்கி உதைத்தாள். முழங்கால் நன்றாக மடங்கி நீண்டது. அதைக் கண்ட பிறகுதான் பரியாரி, "கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.