போகும்போது சொன்ன ‘வாறன்’

போன வியாழக்கிழமை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஒரு கல்லூரித் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பரீட்சை எனக்கில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை... ஏன் என்று கேட்காதீர்கள்.

பரீட்சை ஜெசிந்தாவுக்கு. மன்னார்க்காரி, எங்கள் பக்கத்து வீடு. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் சமூகப்பணிப் பட்டப்படிப்பு. எல்லா வகுப்பும் மாலையில் — புள்ளியியல் மட்டும் காலையில்! வேலையை விட்டால் சோறில்லை. பாடத்தை விட்டால் பட்டமில்லை. மிச்சம் ஒரே வழி: வகுப்புக்குப் போகாமல் தானே படித்து வாய்மொழித் தேர்வில் தேறினால், அந்தப் பாடம் முடித்த கணக்கு. வாய்ப்பும் ஒரு முறைதான்.

பாடத்தைத் தன் குரலிலேயே கேசட்டில் பதிந்து, டிராமில் கேட்டபடி போவாள். அவள் வீட்டில் பருப்போடு சேர்ந்து சராசரியும் வெந்தது.

உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

“போவம் அண்ணை. மீடியன் எண்டா என்னெண்டு கேட்டினம்... எல்லாம் மறந்துபோச்சு. எழும்பி வந்திட்டன்.”

“சொல்லிப்போட்டோ வந்தனீர்?”

“ஓம், மரியாதையா ‘இஷ் கொம்ம’ எண்டுதான்.”

நம் ஆட்கள் யாராவது விடைபெறும்போது ‘போறன்’ என்பார்களா? ‘வாறன்’தானே! பதற்றத்தில் அதை அப்படியே ஜெர்மனாக்கியிருக்கிறாள். ஆனால் ஜெர்மன்காரருக்கு ‘வருகிறேன்’ என்றால்... வருகிறேன்தான்.

கதவு திறந்தது. பரீட்சை வைத்த அம்மா எட்டிப் பார்த்து ஜெர்மனில் கேட்டார்: “தண்ணீர் குடித்துவிட்டீர்களா? உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்.”

“ஐயோ அண்ணை, நான் திரும்பி வருவன் எண்டெல்லோ இருக்கினம்!”

“நீர்தானே சொன்னனீர்? போம்!”

“பகிடி விடாதேங்கோ. பெயிலாகிடுவன்.”

“வீட்டை போனாலும் பெயில்தான்.”

என்னை முறைத்தாள். கண்ணைத் துடைத்தாள். கொண்டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

“சரி, பெயிலாகிறதெண்டாலும் உள்ளுக்கை இருந்து ஆகிறன்.”

கதவு மூடியது. நான் மறுபடி நடந்தேன்.

திரும்பி வந்தபோது அந்த நீளத் தாழ்வாரமே அவளுக்குத் துள்ளப் போதவில்லை.

“பாஸ் அண்ணை! எங்கட இல்லத்துச் சனத்தை மனசுக்குள்ளை வயசுப்படி வரிசையிலை நிப்பாட்டினன். சரி நடுவிலை நிக்கிறவர்தான் மீடியன் எண்டன். மனுசி சிரிச்சிட்டா!”

ஒரு மொழியில் தப்பே விடாமல் பேசு, பேசு என்கிறார்களே... அன்று அவள் சரியான ஜெர்மனில் விடைபெற்றிருந்தால், அதோடு பட்டமும் போயிருக்கும்!