நான்காவது வீடு

ஆம்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பதிவு கவுண்ட்டரில் வேலை எனக்கு. யார் வந்தாலும் "அட்ரஸ் அதேதானா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் ஒரே தட்டு. இல்லை என்றால் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். ஒன்று விட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. அதனால் வீடு மாறுகிறவர்களைக் கண்டாலே எனக்குக் கடுப்பு. அதிலும் காசநோய்க்காரர்கள் முகவரி மாற்றினால், எங்கள் களப்பணி அக்கா நேரில் போய்ப் புது வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அந்தப் பெண் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவள். காசநோய் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அரைநாள் லீவு போட்டு வருவாள். மூன்று மாதத்தில் மூன்று முகவரி சொன்னாள். மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா, மாசத்துக்கு ஒரு ஊடா? அடுத்த மாசம் எந்தத் தெருன்னு இப்பவே சொல்லிடு, அடிச்சு வெச்சிடறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வரிசை சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இதை எழுதவே கூசுகிறது.

நான்காவது மாதம் "அதேதான் சார்" என்றாள். ஒரே தட்டு. "இப்பதான் ஒழுங்கா ஒரு எடத்துல இருக்க" என்று பாராட்டு வேறு.

ஐந்தாவது மாதம் அவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த முகவரிக்குப் போன அக்கா, வெறுங்கையோடு திரும்பி என் முன்னால் வந்து நின்றார். "அவ காலி பண்ணிப் போயி ரெண்டு மாசம் ஆவுதாம். நீ இன்னாத்த எழுதி வெச்சிருக்க?"

"அவ சொன்னதத்தான் அடிச்சேன்" என்று எகிறினேன்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவ ஏன் மாறிக்கினே இருந்தான்னு இன்னிக்குத்தான் அந்தத் தெருவுல சொன்னாங்க. நீ குடுக்குற அட்ரஸ எடுத்துக்கினு மாஸ்க் மாட்டிக்கினு நான் போறேன். நாலு பேர்கிட்ட ஊட்ட விசாரிக்கிறேன். விஷயம் ஓனரம்மா காதுக்குப் போவுது. உடனே காலி பண்ணச் சொல்லிடறாங்க. மூணு ஊட்லயும் இதே கததானாம்."

என் கவுண்ட்டரில் அடித்த ஒவ்வொரு முகவரியும் அவளைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது. அதை வைத்துத்தான் நான் நக்கல் அடித்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு அவள் கொண்டுவந்த சீட்டில், மருந்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க சார்" என்றாள். "அன்னிக்குப் பொய் அட்ரஸ் குடுத்துட்டேன். கண்டுபுடிச்சித் திட்டுவீங்கன்னுதான் அப்புறம் வரல."

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் கேலி செய்ய வந்த வாய்க்கு, அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வரவில்லை. "சரி, போய் உக்காரு, மருந்து குடுக்கக் கூப்புடுவாங்க" என்று மட்டும் சொன்னேன்.