படகு ஜெட்டிக்கடியில் தொங்கிய குழாய்

மலேசியாவில் சித்தியவானுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இறால் குஞ்சு பொரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறோம். தொட்டிகளுக்கான கடல்நீர், ஜெட்டியின், அதாவது பலகைப் படகுத்துறையின், அடிப்பக்கம் கிளாம்ப் பட்டைகள் போட்டு மாட்டிய நீளமான குழாய் வழியாக வரும்.

போன வருஷம் ஒரு காலை 'டங்' என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், நடுவில் இருந்த கிளாம்ப் அறுந்து குழாய் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் பம்பை நிறுத்துவதற்குள் அவர் சம்பான் படகில் ஏறி ஜெட்டிக்கடியில் போய்விட்டார்.

"கயித்தப் போடு! தண்ணி ஏறுது, சீக்கிரம்லா!"

பலகை இடுக்கு வழியாகக் கயிற்றை இறக்கினேன். அவர் குழாயைச் சுற்றிக் கட்டினார். நான் தூணில் சுற்றி இழுத்துப் பிடித்தேன். அப்போது அடுத்த கிளாம்பும் தெறித்தது. குழாய் அவர் தோளை உரசிக்கொண்டு சம்பான் விளிம்பில் விழுந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது.

"வெளிய வாங்க! குழாய் போனாப் போவுது!"

"பேசாத, கயித்த விட்றாத!"

இன்னொரு கயிற்றையும் கட்டிவிட்டுத்தான் வந்தார். அதற்குள் நீர் ஏறி இடைவெளி குறைந்துவிட்டதால், சம்பானில் மல்லாந்து படுத்தபடி பலகையைக் கையால் தள்ளித் தள்ளி வெளியே வர வேண்டியிருந்தது.

அறுந்த கிளாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டை ஸ்டெயின்லெஸ், வெளியே பளபளப்பு. உள்ளே ரப்பருக்கடியில் உப்புநீர் தேங்கிக் குழிகுழியாக அரித்திருந்தது. போல்ட்டோ துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு. திருகு மரை இருந்த இடத்தில் தீக்குச்சி கனம்தான் மிச்சம்.

மறுநாள் ஈப்போவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். "தடிச்ச இரும்பா வாங்கிட்டாப் போதும்" என்றார் என் வீட்டுக்காரர். கடைக்காரப் பெண் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸை எடுத்து வைத்தாள். கடலுக்கு உப்பை இன்னும் தாங்கும் 316 வேண்டும் என்றேன். கிளாம்ப் இருந்தது, அதே ரகத்தில் போல்ட் இல்லை, சொல்லித்தான் வரவழைக்க வேண்டுமாம்.

"அக்கா, போல்ட் மட்டும் சாதாரணமாப் போட்டுக்கலாமே?"

"வேணாம். போனது போல்ட்டுலதான்."

அவர் முகம் சிவந்தது. "அதுவரைக்கும் குழாய் கயித்துலயா தொங்கும்?"

"தொங்கட்டும். அன்னிக்கு அடியில இருந்தது நீங்க, மேல பார்த்துக்கிட்டு நின்னது நான்."

போல்ட் வரும்வரை ஒவ்வொரு அலைக்கும் கயிறு முனகியது. குறைந்த வேகத்தில் பம்பை ஓட்டினோம். நீர் போதாமல் ஒரு தொட்டிக் குஞ்சுகள் செத்துப்போயின. அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

புதியவற்றை மாட்டிச் சில மாதங்கள் கழித்து, நீர் வற்றிய நேரத்தில் ஒரு கிளாம்பைக் கழற்றினார். ரப்பரை உரித்து உள்பக்கத்தை விரலால் தடவினார். நான் மேலே பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு. உப்பு போகக் கழுவ நல்ல தண்ணி கொண்டாறியா?"

வாளியை எடுக்கப் போனேன்.