காலி டிரிப்

என் புருஷன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேஜை ஏற்றி இறக்குவார். ஆனால் அந்தக் கேஜை அவர் கண்ணால் பார்க்கவே மாட்டார். தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர் உத்தியோகம் அப்படி. கேஜ் என்பது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறங்கும் இரும்புக் கூண்டு. அது ஒரு பக்கம் போகும், இவர் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பார். மணி அடித்தால் இழுப்பார், மணி அடித்தால் நிறுத்துவார். எதிரே முள் காட்டும் வட்டத்தகட்டைவிட்டுக் கண் நகராது. டிரைவரோடு யாரும் பேசக் கூடாது என்று சட்டம் வேறு. வீட்டிலும் அதே சட்டம்தான். நான் பேசினால் காதில் விழாது. ஏதாவது பாத்திரம் கீழே விழுந்தால்தான் திரும்புவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு ஜீப் வாங்கினார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும், மலைமேல்கூட ஏறும் என்றார். சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் ஸ்கெலட்டன் லைனில் மலைக்கு எங்கே போவது? தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுதான் இருக்கிறது. அதன்மேல் ஏறிப் போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். பாத்திரம் எதுவும் விழாததால் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்த் திரும்பினால் இவருடைய இரண்டு கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். லைனில் எல்லார் வீட்டிலும் கறி வாசனை, எங்கள் வீட்டில் கிரீஸ் வாசனை. வண்டியின் பின்பக்கத்தில் ஒரு மணியைக் கட்டியிருந்தார். ஷாஃப்டில் மூன்று மணி அடித்தால் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தமாம். அதேபோல நான் ஏறி உட்கார்ந்து மூன்று மணி அடிக்க வேண்டும், அவர் மூன்று ஹாரன் அடித்துப் பதில் சொல்வார், அப்புறம்தான் வண்டி நகரும். நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கட்டின பெண்டாட்டியா, கேஜ் மணிக்காரனா நான்? அவர் அசரவில்லை. தானே பின்னால் வந்து மூன்று மணி அடித்துவிட்டு, முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்து, தனக்குத்தானே மூன்று ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலி டிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஷாஃப்டில் ரிப்பேர் நடந்தால் கேஜை முதலில் காலியாக அடிவரைக்கும் இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆள் ஏறலாம். ஜீப்புக்கும் அதே விதி. ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாலும் காலி டிரிப்.

"இன்னா அண்ணே, இன்னிக்கி எது வரிக்கும்?" என்று லைன்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"பேத்தமங்களா வரிக்கும்" என்று இவர் முகம் மாறாமல் சொல்லுவார். ஜீப் ஊரெல்லாம் சுற்றியது. நான் சுற்றவில்லை.

டீச்சர் டிரெயினிங் முடித்து மூன்று வருஷம் வீட்டிலேயே கிடந்த எனக்கு ஒருநாள் கடிதம் வந்தது. பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. நான் ரயிலில் போகிறேன் என்றேன். "ஊட்ல ஜீப் கீது, ரயிலா?" என்று ரோஷப்பட்டார். புத்தி கெட்டுப்போய் நானும் ஏறினேன்.

பாதி வழியில் ஓர் ஏரிக்கரை. பிரேக்கை மிதித்தார், பெடல் சொத்தென்று தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஒரு கரையான் புற்றில் முட்டி வண்டி நின்றது. பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயை மடக்கி நசுக்கி அடைத்தார், டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றினார், உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் படுத்தார். பட்டுப்புடவையோடு நான் டிரைவர் சீட்டில்.

"மிதிமே! அப்டியே புடி! இப்போ உடு! மறுபடியும் மிதி!"

மிதித்தேன். அவர் கழுத்து என்று நினைத்துக்கொண்டுதான் மிதித்தேன். ஒன்பதரை ஆகும்போது பிரேக் பிடித்தது.

"நீ அந்தப் புளியமரத்தாண்ட குந்து. பங்காருபேட்டை வரிக்கும் காலியா போய்ட்டு வந்து உன்ன ஏத்திக்கிறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "பங்காருபேட்டைக்குப் போறவரு என்னயும் கூட்டினு போனா இன்னாங்க?"

"ரிப்பேர் பண்ண வண்டிமே. ஆளு ஏறக் கூடாது."

"இந்த வேல போச்சுன்னா இந்த ஏரியிலயே உழுந்துடுவேன், பாத்துக்கோங்க!"

பாத்திரம் விழவில்லை. அவர் முன்னால் போய்க் குனிந்து கிராங்க் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

நான் குடையை விரித்துப் புளியமரத்தடிக் கல்லின்மேல் சாய்த்து வைத்தேன். திரும்பி ஓடிவந்து பின்பக்கம் ஏறித் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இன்ஜின் உறுமியது. "தோ வந்துட்றேன், அங்கயே இரு!" என்று குடையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஐயோ, அந்தப் பயணம்! சரிவில் வேகமாக விட்டுத் திடீரென்று பிரேக் அடிப்பார். நான் உருண்டுபோய் ஸ்பானர் பெட்டியில் மோதுவேன். மறுபடி வேகம், மறுபடி பிரேக். மணி அடித்துவிட்டால் தொலைந்தேன் என்று வழியெல்லாம் அதன் நாக்கைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்ப நாலு தடவை முன்னும் பின்னும் போனார். அந்தச் சமயத்தில் குதித்துவிட்டேன். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் விதிப்படி ஏறவில்லை என்று மறுபடி புளியமரத்துக்கே கொண்டுபோய் இறக்குவார். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். முழங்கை வீங்கியிருந்தது. சந்தோஷத்தில் வலி தெரியவில்லை. அன்றைக்கே மூன்றாம் வகுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நாலு மணிக்கு வெளியே வந்தால் வாசலில் என் குடை நிற்கிறது. குடையைப் பிடித்தபடி அவர். நெஞ்சு வரைக்கும் சேறு. சட்டையில் பாசி. அவருக்கு நீச்சல் தெரியாது.

"ஏரில எறங்குனீங்களா?"

"குடதான் கெடந்துச்சு. நீ சொன்னியேமே." குடையை என்னிடம் நீட்டினார். "மத்தியானம் வரிக்கும் துழாவுனேன். அப்பறம் ஊட்டுக்குப் போனேன். இங்க வர பயமா இருந்துச்சு. இங்கயும் நீ இல்லன்னா?"

நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "உங்க காலி டிரிப்ல பின்னாடி நான்தான் இருந்தேன்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக்கு அறுந்துபோவுதான்னு பாக்கத்தான் அந்த அடி அடிச்சேன். அறுந்திருந்தா? கல்லு ஏத்தறதுக்கா காலி டிரிப் உடறாங்க? ஆளு ஏத்தறதுக்குத்தான்மே. நீ ஆளுமே."

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். குடையை வாங்கி மடக்கினேன்.

வண்டியில் ஏறினேன். வழக்கம்போல மணி அடிக்கப் பின்பக்கம் வந்தார். "நீங்க போய் உக்காருங்க" என்றேன்.

நானே இழுத்தேன், மூன்று தடவை. முன்னாலிருந்து ஹாரன் மூன்று தடவை அடித்தது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர் திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்தார்.