பிரெஞ்சு ஃபைல்களின் முதுகில் தமிழ்ச் சீட்டு

பொய் சொல்லக் கூடாது என்று நான்கு வயது மகளுக்குச் சொல்லித்தரும் நான், என் அப்பா எனக்காகச் சொன்ன பொய்யை என்ன செய்வது? இன்னும் தெரியவில்லை.

அப்பா அப்போது தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை இறக்கும் ஒரு கம்பெனியில் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் இருந்த நாட்டில் எல்லாம் பிரெஞ்சு. ஃபைல்களின் பெயரும் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. இங்கே இருந்த நான்கு பேருக்கும் பிரெஞ்சு தெரியாது. கஸ்டம்ஸில் ஆங்கிலத்தில் கேட்பார்கள், காகிதம் பிரெஞ்சில் இருக்கும், அப்பா தமிழில் தேடுவார். ஒவ்வொரு ஃபைலின் முதுகிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார்: எடை, புகைமருந்து, கப்பல் ரசீது.

மேனேஜருக்கு அது பிடிக்காது. "அண்ணாச்சி, இது ஆபீஸா, பலசரக்குக் கடையா?"

"பலசரக்குக் கடையிலதான சார் கேட்டது ஒடனே கெடைக்கும்" என்பார் அப்பா.

ஆறாம் வகுப்பா, ஏழாம் வகுப்பா, சரியாக நினைவில்லை; கோடை விடுமுறை. சித்தியின் பிரசவத்துக்காக அம்மா நாசரேத் போயிருந்ததால் அப்பா என்னையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஒரே பரபரப்பு. சனிக்கிழமை, அப்பா துறைமுகத்துக்குள் போயிருந்த நேரத்தில் நான் ஃபைல் பீரோவைத் திறந்தேன். எங்கள் பள்ளியில் தமிழில் பேசினால் பெயரெழுதுவார்கள். வருகிறவர் இந்தச் சீட்டுகளைப் பார்த்தால் அப்பாவுக்கு அவமானம் என்று பட்டது. ஒன்றுவிடாமல் கிழித்தெடுத்துவிட்டு பீரோவைச் சாத்தினேன். அப்பா வியக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி ஒரு கன்டெய்னருக்குப் பூச்சி வராமல் புகைமருந்து அடித்ததற்கான சான்றிதழைக் கேட்டார். அப்பா பீரோவைத் திறந்து அப்படியே நின்றார். பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களின் பெயர் ஒரே பிரெஞ்சுச் சொல்லில் தொடங்கியது. ஒவ்வொன்றாக இறக்கிப் புரட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, நீங்க வச்ச ஃபைலு உங்களுக்கே தெரியலையா? சீட்டெல்லாம் எங்க?" என்றார் மேனேஜர்.

அப்பா மூலையில் இருந்த என்னை ஒருமுறை பார்த்தார். "நாந்தான் சார் கிழிச்சுட்டேன். பெரியவரு வாராரு, சுத்தமா இருக்கட்டும்னு."

சான்றிதழ் சாயங்காலம்தான் கிடைத்தது. அதற்குள் அதிகாரி போய்விட்டார். மறுவாரம் அப்பாவைக் குடோனுக்கு மாற்றினார்கள். மூட்டை இறக்குவதை நின்று பார்க்கும் வேலை.

எனக்கு ஒரே சந்தோஷம். நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், கடற்கரைக்குக் கூட்டிப்போவார். சீட்டைக் கிழித்ததால் வந்த நன்மை என்றுகூட நினைத்தேன். மணலில் உட்கார்ந்ததும் அவர் ஏன் வெகுநேரம் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று கிழித்தது நான்தான் என்று சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் என் மனம் மட்டும்தான் லேசாகுமோ? அவர் இத்தனை வருடம் பொத்திவைத்ததை நான் உடைத்ததாகிவிடுமோ? பெற்றவர்களிடம் இப்படி ஒன்றைக் காலம் கடந்து சொன்னவர்கள் யாராவது இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.