தன் சமாதிக்கு மாலை போட்டவர்

சந்தேகத்துக்குரிய மரணத்தில், புதைத்த உடலையும் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. சட்டம் தெளிவானது. அதை நடத்த வேண்டியவர்களில் நானும் ஒருவன். அறுபதுகளில் செஞ்சி தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர்.

சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பக்கம் ஓர் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. அதன் தளபதியைச் சுட்டுவிட்டதாகப் போலீஸ் அறிவித்து, முகம் சிதைந்த ஓர் உடலைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் புதைத்தது. தோழர்கள் கல் நட்டு, வருஷா வருஷம் மாலை போட்டார்கள். வழக்குகள் எல்லாம் வாபஸான பிறகு, ஒருநாள் தளபதி வெள்ளை வேட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். தேர்தலில் நின்றார். இறந்தவர் போட்டியிடக்கூடாது என்று ஒருவர் கொடுத்த ஆட்சேபணை முறைப்படி பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடியானது.

பிரசாரத்தை அந்தச் சமாதியில்தான் தொடங்கினார். தேர்தல் வேலையாக நானும் அங்கே இருந்தேன். தன் பெயர் வெட்டிய கல்லுக்குத் தானே மாலை சாத்திவிட்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

கூட்டத்திலிருந்து தொண்டூர்க்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் புருஷன் தளபதியோடு போய்த் திரும்பாதவன்.

"அண்ணே, நீ இங்க நிக்கிற. அப்ப உள்ள இருக்கிறது யாரு?"

"நான்தான் தங்கச்சி," என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் என்னிடம் வந்தாள். தை மாசம் மகளுக்குக் கல்யாணம். பந்தலில் பூவும் பொட்டுமாக முன்னால் நிற்பதா, மூலையில் ஒதுங்குவதா என்று பங்காளிகள் கேட்கிறார்களாம். புருஷனுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, ஏர்க்கொழு வெட்டியது. தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

மனு எழுதி அனுப்பினேன். இறந்தவரின் தரப்பில் சம்மதம் தேவை என்று மேலிருந்து திரும்பி வந்தது. பதிவேட்டின்படி இறந்தவர் தளபதி. ஆகவே அவரிடமே சம்மதம் கேட்டு எழுதினோம். அதற்குள் அவர் எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல்கள் போயின. ஆபீசுக்கு வந்தால் கிணறு, ரோடு என்று எல்லாம் பேசுவார், இதைப் பேசமாட்டார். சாயங்காலங்களில் தனியாக அடிவாரத்துக்குப் போவதாகக் கோட்டைக் காவல்காரன் சொன்னான். ஏதோ பேசுவாராம், பதிலுக்கு இடம் விட்டு நிறுத்துவாராம், பிறகு தலையாட்டுவாராம்.

தை பிறந்தது. அவள் கடைசியாக ஆபீசுக்கு வந்தபோது அவளிடம் காட்ட என் கையில் ஒரு காகிதமும் இல்லை.

"வேணாம் சார். உள்ள இருக்கிறது நான்தான்னு அவரே ஊரறிய சொல்லிட்டாரு. அப்ப எங்க ஊட்டுக்காரரு அங்க இல்ல. நான் முன்னாடிதான் நிப்பேன்."

நின்றாள். மகள் அவள் காலில் விழுந்தபோது பங்காளிகளும் அட்சதை போட்டார்கள். தளபதியும் வந்திருந்தார். இலையில் உட்காராமல் பந்தல்கால் ஓரமாகவே நின்று, தாயின் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் பக்கம் குனிந்தார்.

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

தோண்ட ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்திட்ட பதில், அன்று மாலையே, தை மாதத்தின் கடைசி முகூர்த்த நாளில், ஆபீசுக்கு வந்து சேர்ந்தது.