துணைக்கு வந்தவர்கள்

தையல்கடைக்காரியைத் தெருவே கத்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டது. தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவளிடம் சொல்வார்கள். நாக்கை வைத்து வந்த பெயர் என்பது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வயது ஐம்பத்தொன்பது. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி, குண்டூசியைக் கடித்துக்கொண்டே யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். ஆண்களுக்குத் தைப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள், அப்புறம் சட்டை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். சொந்த வயிற்றைக் கூட ஒத்துக்கொள்ளாத ஜென்மங்களோடு எனக்கென்ன பேச்சு என்பாள்.

அவள் ஐந்து பெற்றவள். தங்கியது இரண்டு. ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் பாதி செத்துக் கிடந்தபோது, வெளியே நின்ற புருஷன் நர்ஸிடம் கேட்ட ஒரே கேள்வி, “என்ன குழந்தை?” என்பது. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அந்தக் கேள்வியை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கடை ஒரு நீளமான பழைய கட்டடத்தில், பின்பக்கச் சந்து பார்த்த பாதியில் இருந்தது. மறுபாதியில் நகரசபையின் பெண்கள் மருத்துவமனை. மருத்துவமனை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நர்ஸ், வாரத்தில் ஒருநாள் வந்து போகும் டாக்டரம்மா. குழந்தை வேண்டாம் என்கிறவர்களுக்கு மாத்திரையும் ஊசியும், வேண்டும் என்கிறவர்களுக்குப் பரிசோதனை, வெளியே சொல்ல முடியாத வலிகளுக்கெல்லாம் மருந்து. அதன் வாசல் பெரிய ரோட்டில் இருந்தது. எதிரே வாடகை வேன் ஸ்டாண்டு. சவாரி வராத நேரமெல்லாம், அதாவது நாள் முழுக்க, அங்கே உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் எந்த வீட்டுப் பெண் எங்கே போகிறாள் என்பதில் படிக்காமலே பட்டம் வாங்கியவர்கள். அந்த வாசல் வழியாக ஒருத்தியும் உள்ளே போனதில்லை.

எல்லோரும் தையல்கடை வழியாகப் போனார்கள். துணி வெட்டுகிற அறைக்கும் நர்ஸின் அறைக்கும் நடுவே ஒரு பழைய கதவு இருந்தது. பையில் ஒரு துணியோடு சந்தில் நுழைந்தால் தைக்கக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரே துணியை வருஷக்கணக்கில் அளவு கொடுக்கக் கொண்டுவந்த பெண்கள் உண்டு. அது தைத்து முடிந்து உடம்பில் ஏறவே இல்லையே என்று எந்தப் புருஷனாவது கேட்டானா என்றால், இல்லை. வீட்டில் இருப்பவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று பார்த்தால்தானே கேட்பதற்கு.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி கத்திரி அக்காவின் சொந்த மருமகள். மூன்று பிள்ளைகள். மூன்றாவதற்குப் பிறகு டாக்டரம்மா மாமியாரைத் தனியே கூப்பிட்டு, இன்னொன்று உண்டானால் பெரிய உயிர் நிற்காது என்று சொல்லிவிட்டார். மகனிடம் சொன்னாள். “டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க” என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் எதிர்ப்பவன் என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பதற்கு ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டும். தன் பெண்டாட்டி ‘அந்த இடத்துக்கு’ப் போனாள் என்று நாலு பேர் பேசினால் மானம் போய்விடும் என்பது ஒன்றுதான் அவன் கவலை. அந்த நாலு பேரும் அவனோடு வேன் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவனும் வேன் டிரைவர்தான். எனவே மாமியாரும் மருமகளும் பேசி முடிவெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசிக்காக அந்தக் கதவைத் திறந்தார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் நகரசபை மருத்துவமனைக்குத் தருகிற பணத்தைக் குறைத்தது. ஊசிமருந்து வருவது நின்றது. நர்ஸ் சம்பளக்காரி, வாயைத் திறந்தால் வேலை போய்விடும். வாய் யாரிடம் இருக்கிறதோ அவள் போகட்டும் என்று பெண்கள் கத்திரி அக்காவை நிதிக்குழுவின் முன்னால் நிறுத்தினார்கள்.

நிதிக்குழு என்பது நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஏழெட்டு ஆண்கள். தலைவர் டைல்ஸ் கடைக்காரர். எங்கோ ஒரு போட்டோக்காரன் தயாராக நிற்கிறான் என்ற நினைப்பிலேயே சிரிக்கிறவர். மருந்து வேண்டும், இன்னொரு நர்ஸ் வேண்டும், கட்டிலுக்கு மறைப்பு வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். கர்ப்பப்பை என்ற வார்த்தை வந்ததும் ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், இன்னொருவர் தண்ணீர் குடித்தார்.

“அம்மா, நாலு பேர் இருக்கிற சபை. கொஞ்சம் பார்த்துப் பேசுங்க” என்றார் தலைவர்.

“எல்லாரும் அதுக்குள்ள இருந்து வந்தவங்கதானே. இப்ப மட்டும் என்ன கூச்சம்?”

ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. இருமினார்கள். அந்தப் பணத்தில் விளையாட்டு மைதானத்துக்கு விளக்குப் போட்டால் ஊருக்கே வெளிச்சமாக இருக்குமே என்று ஒருவர் சொன்னார். அவள் விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். வாசலில் உட்கார வைத்தார்கள். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் பணம் கிடைத்தது. அவள் பேச்சைக் கேட்டு மனம் இளகிவிட்டார்கள் என்று நினைத்தால் அது அவர்களை அறியாதவர்கள் நினைப்பு. தேர்தல் வருகிறது, பெண்களுக்கும் ஓட்டு இருக்கிறது என்பது யாருக்கோ ஞாபகம் வந்திருந்தது.

மருந்து வந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதோடு கூடவே பெரிய ரோட்டைப் பார்த்து ஒரு வளைவு வாசல் வந்தது, தரை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் வந்தது, யார் கடையிலிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு மேல் வேன் உயரத்துக்கு ஒரு பலகை. ‘குடும்பக் கட்டுப்பாடு மற்றும் மகளிர் நல மையம்’ என்று எழுதி, பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு என்று வாசலில் ஒரு கேமரா. இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியாக ஒரு கொத்தனார் வந்து நடுக்கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசினார். பொதுமருத்துவமனைக்கும் தனியார் கடைக்கும் நடுவே வழி இருக்கக் கூடாதாம்.

அவள் தலைவரிடம் ஓடினாள்.

“இனிமே எதுக்கும்மா நம்ம பெண்கள் திருடிங்க மாதிரி கொல்லைப்பக்கமா வரணும்?” என்றார் அவர், குரல் தழுதழுக்க. “முன்வாசல் வழியா தலை நிமிர்ந்து வரட்டும். அவங்க கௌரவத்துக்காகத்தான் இவ்வளவும்.”

தலைவருடைய கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அயோக்கியன் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். நல்லது செய்துவிட்டோம் என்று பூரித்து நிற்கிற முட்டாளை என்ன செய்வது? கதவு ஏன் வேண்டும் என்று விளக்கிச் சொல்லவும் வழியில்லை. அவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும்; அப்புறம் ஒவ்வொரு புருஷனும் துணிப்பையைக் கொட்டிப் பார்ப்பான். நாக்குக்காகவே பெயர் வாங்கியவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதன்பிறகு மருத்துவமனைக்கு ஈ காக்கை வரவில்லை. மருந்து அலமாரியில் அடுக்கி இருந்தது, நர்ஸ் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்சாரியில் டிரைவர்கள், முதலில் எவள் மாட்டுகிறாள் என்று காத்திருந்தார்கள். தலைவருக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு செய்தும் பெண்களுக்கு அக்கறை இல்லை, அடுத்த வருஷம் பணத்தை மைதானத்துக்கே கொடுத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். மருமகளுக்கு ஊசி போட வேண்டிய நாள் நெருங்கியது.

“அத்தை, நான் போகலை. அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்” என்றாள் மருமகள். “ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாது, இல்ல?”

கத்திரி அக்காவுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், தலையை வாரிக்கொண்டாள், சந்தைச் சுற்றிப் பெரிய ரோட்டுக்கு வந்து, வேன் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பலகைக்குக் கீழே தன்னந்தனியாக உள்ளே போனாள்.

ஸ்டாண்டே சிரித்தது. இந்த வயசில் என்ன கட்டுப்பாடு என்று ஒருவன் கேட்டான். அதற்கு இன்னொருவன் சொன்ன பதிலை எழுத முடியாது. மகன் வண்டிக்கு அடியில் எதையோ தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

“அம்மா, அங்க உனக்கு என்ன வேலை? எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். எனக்குக் கர்ப்பப்பையில கோளாறு.”

அவன் கையைக் காட்டித் தடுத்தான். “சரி, சரி, விவரம் வேணாம்.”

“மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போடணுமாம். நடுவுல கூப்பிடற போதெல்லாம் போய்க் காட்டணுமாம். தலை சுத்தும், தனியா வரக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டா. நீ வர்றியாடா துணைக்கு?”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பலகைக்குக் கீழே, அத்தனை டிரைவர்களும் பார்க்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதை அவன் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும்.

“நான் எதுக்கு? இவளைக் கூட்டிட்டுப் போ” என்றான். பெண்டாட்டியின் பக்கம் திரும்பி அதட்டலாகவும் சொன்னான்: “அம்மாவைத் தனியா விடாதே. கூடவே உள்ள போய் இரு.”

மருமகள் தலையாட்டினாள். மறுநாள் மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, புருஷனுக்கு முன்னாலேயே ரோட்டைக் கடந்து உள்ளே போய், கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். கத்திரி அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தாள்.

மகன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டான்: அம்மாவுக்கு உடம்பு முடியலை, அது வேற வைத்தியம். டிரைவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அடுத்த வாரமே அவர்கள் வீட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். பாவம், கத்திரி அக்கா, மருமகளுக்கு எப்போதும் ஒழியுமா, இன்றைக்கு நான் துணைக்குப் போகிறேன் என்றார்கள். புருஷன்மார் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்கள். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, சில நாள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு. மலை மாதிரி இருக்கிறவளைத் தள்ளாடித் தள்ளாடி நடக்கச் சொன்னால் அவளுக்கு வரவில்லை. முதல் நாள் தலைசுற்றலை மறந்து ஒரு காலை நொண்டினாள். யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் எதைத்தான் கவனித்தார்கள்? இந்தத் தெரு ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

வருஷ முடிவில் நிதிக்குழு கூடியது. வந்துபோன பெண்களின் எண்ணிக்கையைக் கேட்டுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் பலகையின் மகிமை என்றார். பணம் தொடரும், பலகையை இன்னும் பெரிதாக்கி விளக்கும் போட வேண்டும் என்றார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த கத்திரி அக்கா கை தட்டினாள். மருந்து வருவதானால் பலகையில் சிரிக்கிற அந்த மூஞ்சியை முதுகில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வரவும் அவள் தயாராக இருந்தாள்.

அன்று சாயங்காலம் மகன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அவனாக அப்படி வாங்கி வந்து அவள் பார்த்ததில்லை. அவள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

“அம்மாவுக்கு அந்த ஊசி ரொம்ப வலிக்குதா?”

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் சொன்னாள்: “போடறப்ப தெரியாது. அப்புறம் ரெண்டு நாள் கை கனக்கும். தலைவலி வரும். மாசம் ஒழுங்கா வராது, திடீர்னு வந்தா பத்து நாள் நிக்காது. பழகிடுச்சு.”

மெஷின் நின்றது. மருமகளின் கையில் துணி அப்படியே நின்றது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அறுபதை எட்டிவிட்ட கிழவிக்கு மாசம் ஏது என்று அவன் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் தலையை ஆட்டினான். “பாவம் அம்மா” என்றான். “இவ்வளவு கஷ்டத்தையும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு.”

கத்திரி அக்காவுக்கு மூச்சு திரும்பி வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது, கசப்பும் வந்தது. மூன்று பிள்ளைக்குத் தகப்பன். பக்கத்திலேயே படுக்கிறவளுடைய தலைவலி அது, அவளுடைய ரத்தம் அது. அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொல்லக் கேட்டுவிட்டு, பரிதாபத்தைக் கொண்டுபோய் வேறு ஒருத்தியிடம் கொடுத்தான்.

அவன் எழுந்துவந்து ஒரு பழத்தை அவளிடம் நீட்டினான்.

“எனக்கு வேணாம்” என்றாள் அவள். “உரிச்சு அவளுக்குக் குடு. துணைக்கு வந்து வந்து அவதான் இளைச்சுப் போயிருக்கா.”

மகன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அப்புறம் பழத்தை உரித்து, பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.